ஒன்பது நாள், பதினாறு வீடு

நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் வீட்டில் ஒரு பட்டியல் தயாராக ஆரம்பித்துவிடும். எந்த நாள் யார் வீட்டுக் கொலுவுக்குப் போவது என்கிற பட்டியல். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். சாயங்காலங்கள் என்னவோ ஒன்பதுதான். அழைத்துவிட்டுப் போனவர்களோ பதினைந்து பேர். நாத்தனார் வீட்டுக்குப் போகாவிட்டால் அடுத்த நவராத்திரி வரையில் பேச்சுக் கேட்டாக வேண்டும். கோடி வீட்டு மாமி போன வருஷம் நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனவள். இந்த வருஷம் நாம் போகவேண்டியது முறை. புதிதாகக் குடிவந்திருக்கும் எதிர் வீட்டுக்காரர்களை விட்டுவிட்டால் மரியாதையாக இருக்காது.

இந்தப் பட்டியலோடு நான் மன்றாடிக் கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவில் படிக்கும் என் சிநேகிதியின் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. கடிதம் என்றால் காகிதமும் தபால் தலையுமாக வந்தது அல்ல. கைப்பேசியில் வருகிற கடிதந்தான்.

"மாமி, இங்கே எல்லாரும் ஒரு பட்டியலை வைத்துக் கொண்டு சண்டை போடுகிறார்கள். கலாசாலைக் கால்பந்து ஆட்டப் பட்டியல். என் அறையில் இருக்கும் பெண் அழவே அழுதுவிட்டாள். அவள் தாத்தா காலத்திலிருந்து வருஷம் தவறாமல் நடந்து வந்த ஆட்டம் இனிமேல் வருஷா வருஷம் கிடையாதாம். ஒரு விளையாட்டுக்காக இப்படியும் அழுவார்களா?" என்று எழுதியிருந்தாள்.

அழுவார்கள் குழந்தாய்! கொலுப் பட்டியல் போட்டவர்களுக்கு அந்த அழுகை புரியும். சகோதரிகளே, விளையாட்டுச் சமாசாரம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பந்தைப் பற்றிய கதை அல்ல. உறவைப் பற்றிய கதை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே கால்பந்து என்பது பெயரளவில்தான் கால்பந்து. பெரும்பாலும் பந்தைக் கையிலே எடுத்துக் கொண்டுதான் ஓடுகிறார்கள். பந்தும் உருண்டை அல்ல. பலாக்கொட்டையைப் பெரிது பண்ணினாற்போல் இரண்டு முனையும் கூராக இருக்கும். ஆகஸ்டு கடைசியில் ஆரம்பித்து நவம்பர் கடைசி வரையில், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், ஒவ்வொரு கலாசாலையும் 12 ஆட்டம் ஆடுகிறது. மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த ஊரில் தேர்த் திருவிழாதான்.

கலாசாலைகள் தனித்தனியாக ஆடுவதில்லை; கூட்டாகச் சேர்ந்து கொள்கின்றன. ஒவ்வொரு கூட்டுக்கும் 'கான்பரன்ஸ்' என்று பெயர். இவற்றில் மிகப் பழையது 'பிக் டென்'. 1896-ல் ஏற்பட்டது. பெயரில் பத்து இருக்கிறதே தவிர, 1990-ல் பென் ஸ்டேட் வந்தபோதே பதினொன்று ஆகிவிட்டது. 2011-ல் நெப்ராஸ்கா வந்தது. 2014-ல் மேரிலாந்தும் ரட்கர்ஸும் வந்தன. 2024-ல் மேற்குக் கடற்கரையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஆக 18 ஆயிற்று. பெயரை மட்டும் மாற்றவில்லை. தெற்கே 'எஸ்.இ.ஸி.' என்கிற தென்கிழக்குக் கூட்டு. அதில் 2024 ஜூலையில் டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து 16 ஆயின.

குடும்பம் பெருகுவது சந்தோஷந்தான். ஆனால் வருஷத்துக்கு ஆடுவது அதே 12 ஆட்டம். அதிலும் கூட்டுக்குள்ளே ஆடுவது எட்டோ ஒன்பதோதான். பதினாறு பேர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு மற்றவர்கள் பதினைந்து பேர். ஒன்பது நாளில் பதினைந்து வீட்டுக்கு எப்படிப் போவது? நம் கொலுக் கணக்கேதான்!

முன்பெல்லாம் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். வீட்டை நடுவே தடுத்துக் கிழக்குக் கட்டு, மேற்குக் கட்டு என்று இரண்டாக்கிவிடுவது. எஸ்.இ.ஸி. 1992-ல் இப்படித்தான் பண்ணியது. ஒரே கட்டில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் சந்திப்பார்கள். அடுத்த கட்டுக்காரர்களை எப்போதாவது பார்ப்பார்கள். அந்த 'எப்போதாவது' எவ்வளவு தூரம் போயிற்று தெரியுமா? டெக்ஸஸ் ஏ அண்டு எம் என்ற கலாசாலை 2012-ல் அந்தக் கூட்டில் சேர்ந்தது. 2023 வரையில் 12 பருவங்களில் அதுவும் ஜார்ஜியாவும் கூட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதான் சந்தித்தன. அது 2019-ல், ஜார்ஜியாவின் ஊரில். ஒரே குடும்பத்தில் இருந்து கொண்டு 12 வருஷத்தில் ஒரு முறை முகம் பார்த்தால் அதைக் குடும்பம் என்று சொல்லலாமா?

சுவர் எழுப்பியதால் பழைய உறவே அறுந்துபோன கதையும் உண்டு. நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் 1928 முதல் 1997 வரையில் ஒரு வருஷம்கூடத் தவறாமல் மோதியவர்கள். 1971-ல் நன்றி நவிலும் திருநாளன்று நடந்த ஆட்டத்தில் நெப்ராஸ்கா 35-31 என்று வென்றதை 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று இன்றும் சொல்கிறார்கள். 1996-ல் 'பிக் 12' என்ற புதுக் கூட்டு உண்டானபோது ஒருவரை வடக்கிலும் ஒருவரைத் தெற்கிலும் போட்டார்கள். எழுபது வருஷ வழக்கம் அத்துடன் போயிற்று. ஒருவருக்கொருவர் கோபித்துக் கொள்ளவில்லை, சண்டை போடவில்லை. பட்டியல் போட்டவர்கள் இடம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்!

கூட்டு மாறியதால் பிரிந்தவர்கள் வேறு. டெக்ஸஸும் டெக்ஸஸ் ஏ அண்டு எம்மும் ஒரே ராஜ்யத்தில், சுமார் நூறு மைல் தூரத்தில் இருப்பவர்கள். 1894-ல் ஆரம்பித்த ஆட்டம். ஒருவர் ஒரு கூட்டுக்குப் போய், மற்றவர் பழைய கூட்டிலேயே தங்கியதால் 2011-க்குப் பிறகு நின்று போயிற்று. மறுபடி 2024 நவம்பர் 30-ந் தேதிதான் நடந்தது. நடுவிலே பன்னிரண்டு பருவங்கள். முதல் வருஷத்தில் கலாசாலைக்குள் நுழைந்து நான்காம் வருஷம் பட்டம் வாங்கிக் கொண்டு போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஆட்டத்தைப் பார்க்காமலே போயிருப்பார்கள்!

இப்போது சுவரை இடித்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே கூடத்தில். முதல் இரண்டு இடத்தைப் பிடிப்பவர்கள் டிசம்பரில் இறுதி ஆட்டம் ஆட வேண்டியது. சரி, பட்டியல் எப்படிப் போடுவது?

எஸ்.இ.ஸி. கையாண்ட வழியை முதலில் பார்க்கலாம். 2024-லும் 2025-லும் எட்டு ஆட்டத்தோடு காலம் தள்ளினார்கள். எட்டு ஆட்டமே நீடித்தால் கணக்கு இப்படி வரும்: நிரந்தரமாக ஒருவர், மாறி மாறி ஏழு பேர். மற்ற பதினான்கு பேரையும் இரண்டு வருஷத்தில் பார்த்துவிடலாம். ஆனால் நிரந்தர உறவு ஒன்றே ஒன்றுதான்! ஆபர்ன் என்ற கலாசாலை ஜார்ஜியாவோடு ஆட ஆரம்பித்தது 1892-ல். அலபாமாவோடு ஆட ஆரம்பித்தது 1893-ல். இருவரில் யாரை விடுவது? பிறந்த வீடா, புகுந்த வீடா என்று கேட்பது மாதிரிதான்.

ஆகவே 2025 ஆகஸ்டில், 2026 முதல் ஒன்பது ஆட்டம் என்று தீர்மானித்தார்கள். நிரந்தரமாக மூன்று பேர். மாறி வருகிறவர்கள் ஆறு பேர். மூன்று போக மிச்சம் பன்னிரண்டு. இந்த வருஷம் ஆறு, அடுத்த வருஷம் ஆறு. இரண்டே வருஷத்தில் எல்லாரையும் பார்த்தாயிற்று. அதற்கடுத்த இரண்டு வருஷம் இடம் மாறும்: முன்பு நாம் போன வீட்டார் இப்போது நம் வீட்டுக்கு வருவார்கள். நான்கு வருஷத்தில் எல்லார் வீட்டுக்கும் போயாயிற்று; எல்லாரும் நம் வீட்டுக்கு வந்தாயிற்று! பேஷான கணக்கு.

ஆபர்னுக்கு அலபாமா, ஜார்ஜியா இருவருமே நிரந்தரமாகக் கிடைத்தார்கள். டெக்ஸஸுக்கு ஓக்லஹோமாவும் ஏ அண்டு எம்மும் ஆர்கன்ஸாவும் கிடைத்தார்கள். ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் கிடைக்குமா? அலபாமாவும் லூயிஸியானா ஸ்டேட்டும் வருஷந்தோறும் மோதுகிற ஆட்டம் ஒன்று. டென்னஸியும் புளோரிடாவும் மோதுகிற ஆட்டம் ஒன்று. லட்சக்கணக்கான பேர் காத்திருந்து பார்த்த இந்த ஆட்டங்கள் வருஷம் விட்டு வருஷம் என்று ஆகிவிட்டன. மூன்று விரலை மடக்கிய பிறகு நாலாவது உறவுக்கு இடமில்லை. நிரந்தரப் பட்டியலை நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பார்ப்போம் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஒன்பதுக்கு ஏன் அவ்வளவு தயக்கம் என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பதினாறு கோஷ்டி எட்டு ஆட்டம் ஆடினால் மொத்தம் 64 ஆட்டம். ஒன்பது ஆடினால் 72. கூடுதலாக எட்டு ஆட்டம். ஆகவே குடும்பத்துக்குள்ளேயே கூடுதலாக எட்டுத் தோல்வி. தேசிய வெற்றிக் கோப்பைக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை 2024-ல் வந்தது. தேர்ந்தெடுப்பவர்கள் தோல்வியைத்தானே முதலில் எண்ணுவார்கள்? அதோடு, ஒன்பது ஒற்றைப்படை. ஒரு வருஷம் ஐந்து சொந்த ஊரில், நான்கு அசலூரில். மறு வருஷம் தலைகீழ். சொந்த ஊரில் ஓர் ஆட்டம் குறைந்தால் கலாசாலைக்கு மட்டுமா நஷ்டம்? ஹோட்டல்காரர், கடைக்காரர், வண்டிக்காரர் எல்லாருக்கும் நஷ்டம்.

ஒற்றைப்படை என்றதும் ஞாபகம் வருகிறது. அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டில் கால்பந்து ஆடுகிறவர்கள் 17 பேர். அவர்களும் ஒன்பது ஆட்டம் வேண்டும் என்று 2025-ல் முடிவு செய்தார்கள். பதினேழை ஒன்பதால் பெருக்கினால் 153. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டுமே! 153-ஐப் பாதியாக்கினால் எழுபத்தாறரை. அரை ஆட்டம் ஆட யாரால் முடியும்? ஆகவே 2027 முதல் பதினாறு பேர் ஒன்பது ஆட, ஒருவர் மட்டும் எட்டு ஆடுவது என்று ஏற்பாடு. பதினேழு பெண்களை வைத்துக் கொண்டு கோலாட்டம் சொல்லிக் கொடுத்த டீச்சர்களைக் கேளுங்கள், ஒருத்தியை ஓரமாக நிறுத்துவது எத்தனை சங்கடம் என்று!

இனி பிக் டென் குடும்பத்தின் கதை. இங்கே பதினெட்டுப் பேர், ஒன்பது ஆட்டம். 2023 அக்டோபரில் இவர்கள் வெளியிட்ட திட்டம் வேறு மாதிரி. எல்லாருக்கும் மூன்று உறவு என்று அளந்து கொடுக்கவில்லை. 'உண்மையாக உறவு உள்ளவர்களுக்கு மட்டும் நிரந்தரம்' என்றார்கள். மொத்தம் 12 ஆட்டங்கள் ஆண்டுதோறும் தவறாமல் நடக்க வேண்டியவை. அயோவாவுக்கு மூன்று நிரந்தர எதிரிகள், மிச்சிகனுக்கு இரண்டு, பென் ஸ்டேட்டுக்கு ஒருவர்கூட இல்லை. 2024 முதல் 2028 வரையில் ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொருவரும் மற்ற பதினேழு பேரையும் குறைந்தது இரண்டு தடவை சந்திக்க வேண்டும், ஊருக்கு ஒன்றாக. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு 45 ஆட்டம், பதினேழு பேரோடு இரண்டிரண்டு என்றால் 34, மிச்சம் பதினொன்று. அந்தப் பதினொன்றில்தான் பழைய உறவுகளுக்கு இடம் கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கேதான் நம் வீட்டுப் பாத்திர பண்டங்கள் வருகின்றன. அந்தப் பக்கத்தில் வெற்றிக்குப் பரிசு தங்கக் கோப்பை அல்ல. இண்டியானாவும் பர்டியூவும் மோதினால் பரிசு ஒரு பழைய மரவாளி! ஒரு பண்ணையிலிருந்து எடுத்து வந்தது. 1925 முதல் வென்றவர்கள் தங்கள் முதலெழுத்தை ஒரு வளையமாகச் செய்து வாளியில் கோத்து வருகிறார்கள். முதல் வருஷ ஆட்டம் யாருக்கும் வெற்றி இல்லாமல் முடிந்ததால், முதல் வளையத்தில் இரண்டு எழுத்தும் சேர்ந்தே இருக்கின்றன. அயோவாவும் மின்னெஸோட்டாவும் ஆடினால் பரிசு ஒரு பன்றி. 1935-ல் இரண்டு ராஜ்யங்களின் கவர்னர்களும் நிஜப் பன்றியையே பந்தயம் கட்டினார்கள்; இப்போது வெண்கலப் பன்றி.

எல்லாவற்றிலும் பழையது ஒரு மண் கூஜா. 1903-ல் மிச்சிகன் கோஷ்டியார் மின்னெஸோட்டாவுக்கு ஆடப் போனார்கள். அசலூர்த் தண்ணீரை நம்பாத பயிற்சியாளர் ஒரு கூஜா வாங்கிவரச் சொன்னாராம். 30 சென்ட் கொடுத்து வாங்கினார்கள் என்று சொல்கிறார்கள். ஆட்டம் 6-6 என்று முடிந்தது. ஜனங்கள் மைதானத்துக்குள் புகுந்துவிட்டார்கள். அந்த அமளியில் கூஜாவை அங்கேயே விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். "வேண்டுமானால் வந்து ஜெயித்து எடுத்துக் கொண்டு போங்கள்" என்று மின்னெஸோட்டாக்காரர்கள் சொன்னதாகக் கதை. 1909-ல் மிச்சிகன் ஜெயித்து எடுத்துக் கொண்டும் போயிற்று. அன்று முதல் அந்தக் கூஜா இரண்டு ஊருக்கும் நடுவே போய் வந்து கொண்டிருக்கிறது.

பன்னிரண்டு நிரந்தர ஆட்டங்களின் பட்டியலில் வாளி இருக்கிறது, பன்றி இருக்கிறது. கூஜா இல்லை! ஏன்? மிச்சிகனுக்கு ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகன் ஸ்டேட்டும் இருக்கிறார்கள். மின்னெஸோட்டாவுக்கு அயோவாவும் விஸ்கான்ஸினும் இருக்கிறார்கள். கூஜாவுக்கு வரும்போது இடம் நிரம்பிவிட்டது. இனிமேல் ஐந்து வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் அது பெட்டியிலிருந்து வெளியே வரும். நஷ்டந்தான். ஆனால் யாரைக் குற்றம் சொல்வது? எல்லாரையும் நிரந்தரம் ஆக்கினால், புதிதாக வந்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

புதிதாக வந்தவர்கள் என்றேனே, அவர்கள் கதையைக் கேட்டால் மனம் சங்கடப்படும். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இருவர், ஆரிகனிலிருந்து ஒருவர், வாஷிங்டனிலிருந்து ஒருவர். கடிகாரத்தில் மூன்று மணி நேரம் வித்தியாசப்படும் தூரத்திலிருந்து நியூ ஜெர்ஸிக்குப் போய் ஆட வேண்டும். கிழக்கே நடுப்பகலில் ஆட்டம் என்றால் இவர்கள் உடம்புக்கு அது காலை ஒன்பது மணி. கால்பந்துப் பிள்ளைகளாவது வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடுகிறவர்கள். கூடவே அதே கலாசாலையின் பெண்கள் வாலிபால் கோஷ்டியும் அதே கூட்டுக்குள் வந்துவிட்டதே! அந்தப் பெண்கள் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆட வேண்டியவர்கள். ஆட்டம் முடிந்து ஆகாய விமானம் பிடித்து, பொழுது விடியும் நேரத்தில் வந்து சேர்ந்து, மறுநாள் பரீட்சையும் எழுத வேண்டும். இந்தக் கூட்டு பெருகியதற்குக் காரணம் கால்பந்தும் டெலிவிஷனும். 2022-ல் பிக் டென் செய்து கொண்ட ஏழு வருஷ டெலிவிஷன் ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி. பணம் ஒரு பந்துக்காக வந்தது. அலைச்சல் எல்லாப் பந்துக்கும் வந்தது.

இவர்கள் விட்டு வந்த வீடு என்ன ஆயிற்று? மேற்கே 'பாக் 12' என்று இருந்த கூட்டில், 2024-ல் பத்துப் பேர் வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இருவர்தான். 2025-ல் ஆட வேறு ஆள் போதாமல், அந்த இருவரும் ஒரே நவம்பர் மாதத்தில் இரண்டு தடவை மோதிக் கொண்டார்கள், ஊருக்கு ஒன்றாக. தெருவே காலியான பிறகு எதிர் எதிர் வீட்டு மாமிகள் இருவர் மட்டும் மாறி மாறிச் சுண்டல் வாங்கிக் கொண்ட மாதிரி இருக்கிறது, இல்லையா?

இத்தனையும் எழுதிவிட்டு, என்னைப் பட்டியல் போடச் சொன்னால் எப்படிப் போடுவேன் என்று அந்தப் பெண்ணுக்கு நாலு வரி எழுதினேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, படிக்க வரும் பிள்ளைக்கு நான்கு வருஷம். அதற்குள் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அவள் ஊருக்கு வந்து போயிருக்க வேண்டும். இந்த விதத்தில் எஸ்.இ.ஸி.யின் நான்கு வருஷக் கணக்கு, பிக் டென்னின் ஐந்து வருஷக் கணக்கைவிட உசத்தி. ஐந்தில் ஒரு தடவை வருகிறவர், நான்கு வருஷம் இருந்துவிட்டுப் போகிறவள் கண்ணில் படாமலே போகலாம்.

இரண்டாவது, உறவை அளந்து கொடுக்கக் கூடாது. இருக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாதவர்கள் தலையில் கட்டக் கூடாது. இந்த விதத்தில் பிக் டென்தான் உசத்தி.

மூன்றாவது, தூர தேசம் போய் வந்தவர்களுக்கு அடுத்த வாரம் ஓய்வு, அல்லது சொந்த ஊரிலேயே ஆட்டம்.

நான்காவது, கால்பந்துக்கு ஒரு பட்டியல் இருக்கட்டும். மற்றப் பந்துகளுக்கு, முக்கியமாகப் பெண்கள் ஆட்டங்களுக்கு, பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆடுகிற மாதிரி வேறு பட்டியல் போடட்டும். அண்ணன் வேலைக்கு மாற்றலாகிப் போனால் தங்கையும் பள்ளிக்கூடம் மாற வேண்டும் என்று என்ன சட்டம்?

அந்தப் பெண்ணிடமிருந்து உடனே பதில் வந்தது. "மாமி, உங்கள் கடிதத்தை என் அறைத் தோழிக்கு இங்கிலீஷில் சொன்னேன். அடுத்த வருஷம் அந்த ஆட்டம் அவர்கள் ஊரில் நடக்கிறதாம். தாத்தாவை அழைத்துக் கொண்டு போகப் போகிறாளாம். 'வருஷா வருஷம் வந்தபோது, அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம் என்று மூன்று தடவை தள்ளிப்போட்டேன்' என்று சொல்லி மறுபடியும் அழுதாள்" என்று எழுதியிருந்தாள்.

அதைப் படித்ததும் நான் என் பட்டியலைத் திரும்ப எடுத்தேன். கோடி வீட்டு மாமிக்கு இப்போது முட்டி வலி. முன்போல் எழுந்து வர முடிவதில்லை. அவள் பெயரை ஏழாம் நாளில் போட்டு வைத்திருந்தேன். அடித்துவிட்டு முதல் நாளுக்கு மாற்றினேன்.